ஒரு வேளைக்கு ஒரு மூடி

கங்கப்பனுக்கு அந்த இரண்டு வாரமும் சி ஷிப்ட். இரவு பதினொன்றுக்கு உள்ளே போனால் காலை ஏழுக்கு வெளியே. கம்பெனி பஸ்ஸிலிருந்து மெயின் ரோட்டில் இறங்கி, ஏரிக்கரை வழியாக நடந்து லைன் வீட்டுக்கு வந்து சேர ஏழே முக்கால் ஆகிவிடும். அதற்குள் அவன் மனைவி ஜோதிமணி ரோஜாப் பண்ணைக்குப் போயிருப்பாள். பாலித்தீன் கொட்டகைக்குள் சூடு ஏறுவதற்கு முன்னால் பூவை அறுத்தாக வேண்டும் என்பதால் ஆறரைக்கே அவளுக்கு வேன். அடுப்புத் திட்டில் இரண்டு களி உருண்டை, கிண்ணத்தில் கொள்ளுச்சாறு, மேலே ஒரு தட்டு, பூனை தள்ளாமல் இருக்கத் தட்டின்மேல் சப்பாத்திக்கல்.

கை கால் கழுவிக்கொண்டு உட்காருவான். களியை மென்று தின்பவனை இந்தப் பக்கத்தில் சீக்காளி என்பார்கள். கிள்ள வேண்டும், சாற்றில் தோய்க்க வேண்டும், விழுங்க வேண்டும். இரண்டு உருண்டைக்கும் அவனுக்கு ஆறு நிமிஷம் போதும். எட்டு மணிக்குப் பாயில் சாய்வான். எட்டேகாலுக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

நெஞ்சுக்குழியில் ஒரு சூடு கிளம்பும். மார்பெலும்புக்குப் பின்னால் அது படிப்படியாக ஏறும். தொண்டைக்கு வந்ததும் புளித்த தண்ணீராக மாறி நாக்கின் அடியைச் சுடும். இருமல் வரும். இருமினால் இன்னும் கொஞ்சம் மேலே வரும். உட்கார்ந்தாலும் அடங்காது. எழுந்து வெளியே வந்து நடக்கத் தொடங்குவான்.

எதிரும் புதிருமாக எட்டெட்டு வீடுகள். நடுவில் சிமெண்ட் சந்து. ஒரு கோடியில் தண்ணீர்த் தொட்டி, மறுகோடியில் இரும்புக் கேட். தொட்டியிலிருந்து கேட்டுக்கு நாற்பத்தோரு எட்டு. ஆடிக் காற்று மாடித் தகரங்களைப் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். பெய்யவும் பெய்யாத, விடவும் விடாத ஒரு சாரல், துணிக்கொடியில் போட்டதை மூன்று நாளைக்குக் காய விடாது.

"என்னண்ணே, இது எத்தனாவது ரவுண்டு?" என்று பக்கத்து வீட்டுக் கருப்பாயி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள். உசிலம்பட்டிக்காரி. புருஷன் வேலைக்காக ஓசூர் வந்து ஒன்பது வருஷமாகியும் அவள் பேச்சு மட்டும் வைகையைத் தாண்டவில்லை.

"எண்ணல."

"நான் எண்ணுறேன்ல. இருவத்திரெண்டு. அழகர்மலைக்கு நேந்துருந்தா இந்நேரம் ஏறி எறங்கிருக்கலாம்."

"நெஞ்சு எரியுது கருப்பாயி. படுத்தா தொண்டைக்கு வந்துடுது."

"என்னத்த வருது?"

"புளிச்ச தண்ணி. பேட்டரியில ஊத்துவாங்களே, அதாட்டம்."

வீட்டுக்காரி பாப்பம்மா மாடிப்படியில் உட்கார்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் கன்னடம், வாடகைக்காரர்களிடம் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு.

"ஏனாயித்து கங்கப்பா? களி தின்னதும் ஒரு சொம்பு மோர் குடிக்கணும்பா. எங்க வூட்டுக்காரரு எண்பது வயசு வரைக்கும் அப்டித்தான். அவரு ஒரு ஏப்பம் விட்டா கட்டியிருக்கிற மாடு மெரளும்."

"உங்க வூட்டுக்காரரு ராத்திரியில தூங்குனாரு. நான் பகல்ல தூங்கறன்."

"வயித்துக்கு ராத்திரி பகலு தெரியுமா?"

அவன் இருபத்து மூன்றாவது முறையாகக் கேட்டை நோக்கி நடந்தான்.

நெஞ்செரிச்சல் வந்து ஒரு வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் மாரடைப்பு என்று பயந்து டாக்டர் நிர்மலாவிடம் போனார்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒன்றும் இல்லை, இரைப்பை அமிலம் மேலே ஏறுகிறது என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். கங்கப்பன் தவறாமல் காலை ஆறு மணிக்குப் போட்டான். சி ஷிப்டில் காலை ஆறு என்பது கிரைண்டிங் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு கடைசி டீ குடிக்கிற நேரம். பி ஷிப்டில் காலை ஆறுக்கு அவன் தூக்கத்தில் இருப்பான். அன்றைக்குப் போட மாட்டான். மாத்திரை தீர்ந்ததும் அதே அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கினான். எரிந்தால் போட்டான், எரியாவிட்டால் விட்டான். காய்ச்சல் மாத்திரையை அப்படித்தானே போடுகிறோம் என்பது அவன் கணக்கு.

வேலையும் குனிகிற வேலை. வார்ப்பிலிருந்து வருகிற பிரேக் டிரம்மின் ஓரப் பிசிறுகளைத் தேய்த்து எடுக்க வேண்டும். கீழே இருக்கிற இரும்புக் கூடையிலிருந்து ஒன்றைத் தூக்கு, கல்லில் காட்டு, திருப்பு, மறுபக்கக் கூடையில் வை. ஒரு ஷிப்டுக்கு முந்நூறு. இடுப்புப் பிடிக்காமல் இருக்கக் கம்பெனி கொடுத்த அகலமான பட்டையை வயிற்றைச் சுற்றிக் கடைசி கொக்கி வரை இறுக்கியிருப்பான். கேண்டீனில் சாப்பிட்ட தக்காளி சாதம் ஒவ்வொரு குனிவுக்கும் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

ஜோதிமணிக்கு அவன் வலியைவிட அவன் வாயிலிருந்து வருகிற புளிப்பு வாடைதான் உறக்கத்தைக் கெடுத்தது. அதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கங்கப்பன் குடிகாரன். அதனால் ஒரு வேலை போனது. மகள் வினிதாவைக் கூட்டிக்கொண்டு அவள் மத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய் ஏழு மாதம் இருந்தாள். கங்கப்பன் அஞ்செட்டிப் பக்கம் ஒரு முனியப்பன் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொண்டு வந்தான், அன்றைக்கு விட்டதுதான். திரும்பி வந்தவள் வாசலில் பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "இன்னொரு வாட்டி அந்த நாத்தம் எம் மூக்குல பட்டுச்சுன்னா மத்தூர் பஸ் ஏறிடுவன். அதுக்கப்பறம் நீ முனியப்பனையே கூட்டிக்கினு வந்து நின்னாலும் வர மாட்டன்."

இப்போது வினிதா கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். வீட்டில் இவர்கள் இருவர்தான். சிவந்த கண், கரகரத்த குரல், புளித்த வாடை. இவை எல்லாம் சி ஷிப்டிலிருந்தும் வரும், சாராயத்திலிருந்தும் வரும். எது எதிலிருந்து வருகிறது என்று அவள் ஒவ்வொரு நாளும் அவன் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். தண்ணீர் கொடுக்கிற சாக்கில், சட்டை வாங்குகிற சாக்கில். அவனுக்கும் அது தெரியும். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடுவான். அதுவே அவளுக்கு மேலும் சந்தேகமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். இது வயிற்றுக் கோளாறுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற நாட்டு மருந்துக் கடையில் கேட்டு, பழுப்புப் பாட்டிலில் ஜீரகாரிஷ்டம் வாங்கி வந்தாள். அப்போது கங்கப்பன் வீட்டில் இருந்தான்.

"ஒரு வேளைக்கு ஒரு மூடி. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. சாப்ட்ட பெறகு," என்று மூடியில் ஊற்றி நீட்டினாள்.

"மாத்திரை இருக்குதே."

"அத ஒரு வருசமா முழுங்கறீங்க, என்னா கண்டீங்க? புடிங்க."

வாங்கிக் கவிழ்த்தான். சீரகம், வெல்லம், ஒரு கசப்பு. தொண்டையைத் தாண்டும்போது அவற்றுக்குப் பின்னால் இன்னொன்று. காது மடல் இரண்டும் லேசாகச் சூடாயின. அவன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்டி இருக்குது?"

"மருந்து மாதிரி இருக்குது," என்றான்.

அன்றைக்கு மத்தியானம் அவன் மூன்று மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினான். ஜோதிமணி கருப்பாயியைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாருக்கா, எப்டி தூங்குதுன்னு. மருந்துன்னா இதான்." அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைக் கருப்பாயி பார்த்து வெகுநாளாகிறது.

மூன்றாம் நாளிலிருந்து எரிச்சல் இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. மூடியைக் கவிழ்த்ததும் அரை மணி நேரம் அடங்கும். பிறகு முன்பைவிட மேலே, காது வரைக்கும் ஏறும். அதை அடக்க இன்னொரு மூடி. வெள்ளிக்கிழமைக்கெல்லாம் அவன் சந்தில் ஐம்பது தடவை நடந்தான். ஒவ்வொரு பத்துத் தடவைக்கும் ஒரு முறை உள்ளே போய்விட்டு வந்தான். ஜோதிமணி கொட்டகைக்குள் பூ அறுத்துக்கொண்டிருந்தாள்.

மறு வாரம் பி ஷிப்ட். மத்தியானம் மூன்றிலிருந்து இரவு பதினொன்று. செவ்வாய்க்கிழமை இரண்டேகாலுக்குச் சோறு தின்றுவிட்டுக் கிளம்பும்போது நெஞ்சில் நெருப்பு. மூடியைத் தேடவில்லை. டம்ளரில் ஊற்றினான்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ஒரு கறுப்புக் கருவியோடு நின்றிருந்தார். எல்லாரையும் சோதிப்பதில்லை; வரிசையில் ஏழாவது ஆள், பதினான்காவது ஆள் என்று நிறுத்துவார்கள். கங்கப்பன் பதினான்காவது.

"ஊதுங்க. விட்டு விட்டு ஊதாதீங்க. ஒரே மூச்சு."

பதினெட்டு என்று காட்டியது.

"பூஜ்யம் வரணும்," என்றார் செக்யூரிட்டி, ஏதோ தன்னுடைய தப்பு போல. "வாய் கொப்புளிச்சுட்டுக் கால் மணி நேரம் ஒக்காருங்க. மறுபடி பாக்கலாம்."

நீலச் சட்டைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கார்டு தேய்த்து உள்ளே போனார்கள். "என்னா கங்கப்பா, ஆடிப் பண்டிகை இன்னைக்கேவா?" என்று ஒருவன் கேட்டான். இரண்டாம் முறை பதினாறு. கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அவன் நான்கு மணிக்கு வீடு வந்தான். ஜோதிமணி ஐந்துக்கு வந்தாள். கருப்பாயியின் புருஷனும் அதே கம்பெனி என்பதால் செய்தி பண்ணை வேனிலேயே அவளுக்குப் போனில் வந்துவிட்டது. முள் கீறிய முழங்கைகளைக் கழுவக்கூட இல்லை.

"ஊதுனியாமே."

"குடிக்கல ஜோதி."

"மிஷினு பொய் சொல்லுதா?"

"அது என்னா சொல்லுதோ எனக்குத் தெரியாது. நான் கடைப்பக்கம் போவல. சத்தியமா போவல."

"யாரு மேல சத்தியம்? எம்மேலயா, வினிதா மேலயா? போன தடவ ரெண்டு பேரு மேலயும் பண்ண. எத்தினி நாளா நடக்குது இது? நெஞ்சு எரியுது, நெஞ்சு எரியுதுன்னு... நானும் பைத்தியக்காரி, கொள்ளு வேகவெச்சு, மருந்து வாங்கியாந்து..."

மருந்து என்ற சொல் வந்ததும் அவன் வாயைத் திறந்தான். பாட்டிலைச் சொல்லிவிட்டால் போதும். ஆனால் பாட்டிலைச் சொன்னால் டம்ளரையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டான். புளித்த தண்ணீர் மேலே வந்தது, விழுங்கினான்.

"நாளைக்கு காலையில போறன்," என்றாள் அவள்.

அந்த இரவு அவளும் படுக்கவில்லை, அவனும் படுக்கவில்லை.

புதன்கிழமை காலை அவள் வேனுக்குப் போகவில்லை. துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். அடுப்புத் திட்டைத் துடைக்கும்போது பாட்டில் கையில் பட்டது. அதைக் கொண்டுபோய்க் கருப்பாயியிடம் நீட்டினாள்.

"உங்க மாமியாருக்கு வாயுன்னியே. வெச்சுக்க. இனிமே இங்க யாருக்குக் குடுக்கறது?"

"கிறுக்கச்சி, பையக் கீழ வையி மொதல்ல. ரெண்டு நாளு பொறுத்துப் போனா என்ன? மத்தூரு எங்கிட்டும் போயிறாது."

"நீ சும்மா இருக்கா."

"சரி, இத எத்தன மூடி குடுக்கணும்? அந்தக் கெழவிக்கு எம்பது வயசு."

ஒரு மூடி என்று சொல்ல வாயெடுத்தவள், வயதானவர்களுக்கு வேறு அளவு இருக்குமோ என்று பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஜோதிமணி எட்டாவது வரை படித்தவள். எறும்பு எழுத்துகளை வெளிச்சத்துக்குக் காட்டி ஒவ்வொன்றாகக் கூட்டினாள். சேரும் சரக்குகள், அளவு, தயாரித்த தேதி. அதற்குக் கீழே ஒரு வரி. தானாக உருவாகும் ஆல்கஹால், எட்டிலிருந்து பத்து சதவீதம் வரை.

அவள் மறுபடி படித்தாள். பிறகு கருப்பாயியிடம் படித்துக் காட்டினாள்.

"ஆத்தாடி!" என்று கருப்பாயி வாயில் கை வைத்தாள். "அப்ப நீதேன்டி ஊத்திக் குடுத்துருக்க!"

ஜோதிமணி உள்ளே போய் அவன்முன் நின்றாள். "சட்டையப் போடுங்க," என்றாள். நேற்று போன மரியாதை திரும்பி வந்திருந்தது. "மொதல்ல டாக்டரம்மா. அப்பறம் கம்பெனி."

டாக்டர் நிர்மலா பாட்டிலை வாங்கிச் சீட்டைப் படித்தார். பழைய மருந்துச் சீட்டையும் பார்த்தார். அவசரமில்லாமல் கேள்வி கேட்டார். விழுங்கும்போது அடைக்கிறதா, எடை குறைந்ததா, வாந்தியில் ரத்தம் உண்டா, மலம் கறுப்பாகப் போகிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றான்.

"நல்லது. இதுல எது வந்தாலும் அன்னைக்கே வரணும். இப்பக் கேளுங்க. சோறு எறங்கற குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவுல ஒரு வாய் இருக்கு. சுருக்குப்பை மாதிரி. சாப்பாடு எறங்கறப்பத் தெறக்கும், அப்பறம் இறுக்கிக்கும். உங்களுக்கு அந்தச் சுருக்கு தளர்ந்துபோச்சு. உள்ள இருக்கற அமிலம் மேல வருது. வயிறு முட்டத் தின்னுட்டுப் படுத்தா வரும். குனிஞ்சா வரும். இடுப்புல என்ன, தழும்பு மாதிரி?"

"பெல்ட்டு மேடம். கம்பெனியில குடுத்தது."

"அத இவ்ளோ இறுக்குனா பைய அமுக்கிப் புழியற மாதிரிதான். லூசாப் போடுங்க. இந்த மருந்து இருக்கே, இதுல இருக்கற ஆல்கஹால் அந்தச் சுருக்க இன்னும் அவுத்துவிடும். குடிச்சதும் கொஞ்ச நேரம் இதமாத்தான் இருக்கும். அப்பறம்?"

"ரெண்டு மடங்கா எரியுது," என்றான் கங்கப்பன், தரையைப் பார்த்து.

"மாத்திரை எப்பப் போட்டீங்க?"

"காலையில ஆறு மணிக்கு மேடம். நீங்க சொன்னபடி."

"ஆறு மணிக்கு என்ன பண்ணுவீங்க?"

"டீ குடிப்பன். சி ஷிப்டுல."

டாக்டர் பேனாவை வைத்தார். "ஷிப்டுன்னு போன தடவ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கல. நானும்..." என்று நிறுத்தினான்.

ஜோதிமணி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "மேடம், சி ஷிப்டுல காலைன்னா எது? ஏழே முக்காலுக்கு வந்து களி திங்கறாரு. பி ஷிப்டுல பத்து மணிக்கு எழுந்திருக்கறாரு. அதுக்கு எது காலை?"

"எழுந்திரிச்சு மொதல்ல சாப்பிடற சாப்பாடு இருக்கில்ல, அதான் காலை. மணி எத்தனையா இருந்தாலும். அதுக்கு அரை மணி நேரம் முன்னால மாத்திரை. தினமும். எரிஞ்சாலும் எரியலைன்னாலும்."

"சி ஷிப்டுன்னா சாயங்காலமா?"

"சாயங்காலம் தூங்கி எழுந்தா சாயங்காலந்தான். அப்பறம், சாப்ட்டதும் மூணு மணி நேரம் படுக்கக் கூடாது. ஷிப்ட் முடிஞ்சு வந்து ரெண்டு களியத் தின்னுட்டுச் சாஞ்சா எப்படி? பெரிய சாப்பாட்ட வேலைக்குப் போறதுக்கு முன்னால வெச்சுக்குங்க. வந்ததும் கொஞ்சமா, அரை வயிறு. படுக்கறப்பத் தலைமாடு ஆறு அங்குலம் ஒசரமா இருக்கணும். ரெண்டு தலகாணி வெச்சா கழுத்துதான் மடங்கும். மாரு முழுசா மேல இருக்கணும். கட்டில் இருக்கா?"

"பாயி மேடம்."

"கட்டில் ஒண்ணு பாருங்க. தலைப்பக்கக் காலுக்கு அடியில கல்லு வெக்கலாம். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. டீயக் கொறைங்க. இந்த அரிஷ்டம் எவ்ளோ குடிச்சீங்க?"

"ஒரு வேளைக்கு ஒரு மூடிதான் மேடம்," என்று ஜோதிமணி முந்திக்கொண்டாள். "நான்தான் ஊத்திக் குடுத்தன். அவரு மேல தப்பே இல்ல. ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, கம்பெனியில காட்டணும்."

டாக்டர் கங்கப்பனைப் பார்த்தார். அவன் தன் பழைய சீட்டை நான்காக மடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து அவள் பக்கத்துக் கடையில் நாலு இட்லி பார்சல் வாங்கினாள். "காரச் சட்னி வேணாம்," என்றாள். நேற்றிலிருந்து பூட்டிக் கிடந்த அவள் வாய் திறந்துகொண்டது. கட்டிலுக்குப் பாப்பம்மாவைக் கேட்கலாம், மாடியில் ஒன்று சும்மா கிடக்கிறது. களியை ஒரு உருண்டையாக்கிவிடலாம். வினிதாவிடம் நேற்றே சொல்லாதது நல்லதாய்ப் போயிற்று. கம்பெனி வரை பேசிக்கொண்டே வந்தாள். "மன்னிச்சுக்கங்க," என்றும் ஒரு தரம் சொன்னாள். கங்கப்பன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே வந்தான்.

தமிழரசன் என்பவர் கம்பெனியில் ஆட்களின் ஒழுங்கு நடவடிக்கைகளைப் பார்க்கிற அதிகாரி. சின்ன வயது, பொறுமையான முகம். ஜன்னலை ஒட்டி மேசை. டாக்டரின் சீட்டைப் படித்துவிட்டு, "மருந்து எங்க?" என்றார்.

ஜோதிமணி பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "இந்த வரி பாருங்க சார். ஆல்கஹால்னு போட்டிருக்குது."

ஜன்னல் வெளிச்சம் பழுப்புக் கண்ணாடிக்குள் புகுந்தது. பத்து நாள், நாளுக்கு இரண்டு மூடி. இன்னும் பாதியாவது இருக்க வேண்டும். அடியில் இரண்டு விரல்கடை மருந்துதான் அசைந்துகொண்டிருந்தது.

அவள் பேச்சு நின்றது. தமிழரசன் பாட்டிலின் சீட்டைத்தான் படித்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளங்கை மெல்ல நகர்ந்து பாட்டிலின் அடிப்பாகத்தைச் சுற்றி மூடிக்கொண்டது. முள் கீறல்கள் உள்ள கை. கங்கப்பன் அதைப் பார்த்தான்.

"எவ்வளவு எடுத்துக்கிட்டாரு?"

"ஒரு மூடி," என்றாள். அந்தக் குரலில் இப்போது உயிர் இல்லை. "ஒரு வேளைக்கு ஒரு மூடி."

"சரி. நான் மேல சொல்லிக்கறேன். கங்கப்பன், ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் குடுங்க. என்ன மருந்து, எதுக்கு, எவ்ளோ அளவு. எழுதிட்டு இன்னைக்கே பி ஷிப்டுக்கு உள்ள போகலாம்."

காகிதத்தையும் பேனாவையும் தள்ளினார். கங்கப்பன் உட்கார்ந்து எழுதினான். பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதியது போல அனுப்புநர், பெறுநர், ஐயா எல்லாம் போட்டு, கோடு கோணாமல், நிறுத்தி நிறுத்தி எழுதினான். இருபது நிமிஷம் ஆயிற்று. அவன் எழுதியது இது:

*ஐயா, எனக்கு ஒரு வருடமாக நெஞ்செரிச்சல் உள்ளது. என் மனைவி ஜோதிமணி மருந்து என்று வாங்கிக் கொடுத்தார். ஒரு வேளைக்கு ஒரு மூடி என்று சொன்னார். அதில் போதை உள்ளது என்று அவருக்குத் தெரியாது. எனக்கு முதல் மூடியிலேயே தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. நான்கு ஐந்து நாட்களாக அவர் வேலைக்குப் போன பிறகு அதிகமாகக் குடித்தேன். செவ்வாய்க்கிழமை ஷிப்டுக்கு வரும் முன் அரை டம்ளர் குடித்தேன். வெளியில் எதுவும் வாங்கிக் குடிக்கவில்லை. இப்படிக்கு, கங்கப்பன், கிரைண்டிங் பிரிவு.*

தமிழரசன் இரண்டு முறை படித்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஏங்க, இத நான் ஃபைல்ல வெச்சா என்ன ஆகும்னு தெரியுமா? ஒரு மூடின்னு எழுதினா மருந்து. அரை டம்ளர்னு எழுதினா அது வேற." இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். "வேற எழுதுங்க. நான் இதப் பாக்கல."

கங்கப்பன் ஜோதிமணியைப் பார்த்தான். அவள் கடிதத்தைத் தலைகீழாகவே படித்து முடித்திருந்தாள். பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் சார்," என்றான் கங்கப்பன்.

ஏழு நாள் சஸ்பென்ஷன். எழுத்தில் எச்சரிக்கை. திரும்பி வந்ததும் ஒரு மாதம் தினமும் கேட்டில் ஊத வேண்டும். இன்னொரு முறை ஒன்று என்று காட்டினாலும் வரவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வரும்போது மணி இரண்டரை.

நெடுஞ்சாலை ஓர நிறுத்தத்தில் கூரை இருந்தது, பெஞ்சு இல்லை. கன்டெய்னர் லாரிகள் பெங்களூர்ப் பக்கமிருந்து வரும்போது ஒவ்வொரு முறையும் சாரலை வாரி இவர்கள்மேல் அடித்தன. அவள் பார்சலைப் பிரித்தாள். இரண்டு இட்லியை இலைத் துண்டில் வைத்து நீட்டினாள். மற்ற இரண்டையும் கட்டி வைத்தாள்.

"அரை வயிறுன்னாங்க."

நின்றபடியே தின்றான். அவள் தின்னவில்லை.

"மொத மூடியிலயே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எம் மூஞ்சியப் பாத்து மருந்து மாதிரி இருக்குதுன்ன."

"ஆமா."

"நான் கருப்பாயிய வேற கூட்டியாந்து காட்டுனன். பாருக்கா எப்டித் தூங்குதுன்னு."

அவன் இலையை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். போடுவதற்கு இடம் தேடவில்லை.

"ஏன் எழுதுன?" என்றாள். "அவருதான் வேற தாளு குடுத்தாரே."

"நீ கையால மூடுன."

அவள் சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஓசூர்ப் பக்கமிருந்து திருவண்ணாமலை பஸ் வந்து கூரைக்கு நேராக நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "கிஷ்ணகிரி, மத்தூரு, ஊத்தங்கர! கிஷ்ணகிரி, மத்தூரு!" என்று கத்தினார். பஸ்ஸில் இடம் இருந்தது. ஜோதிமணி இரண்டு எட்டு முன்னால் வைத்தாள். கம்பியைப் பிடிக்கிற தூரம்தான். கங்கப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். கூப்பிடவும் இல்லை.

"ஏறுங்கம்மா. மழைல நிக்காதீங்க."

அவள் பஸ்ஸின் உள்ளே பார்த்தாள். பிறகு கண்டக்டரைப் பார்த்தாள்.

"இல்லண்ணா. நீங்க போங்க."

விசில் ஒலித்தது. பஸ் சேற்றை இறைத்துக்கொண்டு போனது. அதன் இரைச்சல் அடங்கும்வரை அவள் திரும்பவில்லை.

"வினிதாகிட்ட நான் சொல்ல மாட்டன்," என்றாள். "நீயே சொல்லணும். இன்னைக்கே. கம்பெனியில எழுதுன மாதிரி, ஒண்ணு விடாம."

"சொல்றன்."

அவள் சர்வீஸ் ரோட்டில் இறங்கி நடந்தாள். வீடு அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். டவுன் பஸ் பின்னால் வருவது அவனுக்குத் தெரிந்தது.

"ஜோதி, பஸ் வருது பாரு."

"சாப்ட்டு மூணு மணி நேரம் சாயக் கூடாதில்ல. பஸ்ல ஏறி ஒக்காந்தா தூங்கிடுவ," என்று அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "நட."